வினையே காலம் காட்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இந்நன்னாளில், ‘நேற்றைய பாடம், இன்றைய வாழ்வு, நாளைய நம்பிக்கை’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். மூன்று காலங்களையும் ஓர் உரையில் அடக்குவது எளிய செயலன்று. ஆயினும், பள்ளிக்கூடத்தில் பணியாற்றுவோர்க்கு எதனையும் பாடப் புத்தகத்திலிருந்து தொடங்கும் வழக்கம் உண்டு. ஆகவே, நாமும் ஓர் இலக்கணப் பாடத்திலிருந்தே தொடங்குவோம்.

பெயர்ச்சொல் காலம் காட்டாது. வினைச்சொல் காலம் காட்டும். இது நாம் எல்லாரும் சிறு வகுப்பில் படித்த பாடம். ‘மரம்’ என்று சொன்னால் அது நேற்று நின்ற மரமா, நாளை நிற்கப் போகும் மரமா என்பது விளங்காது. ‘நட்டான், நடுகின்றான், நடுவான்’ என்று சொல்லும்போதுதான் காலம் தெளிவாகிறது.

இந்தச் சிறிய விதியைக் கொண்டு நம் மக்களின் வரலாற்றை நோக்குவோமாக. பல நூற்றாண்டுகளாக நமக்குப் பிறர் பெயர் வைத்தனர். அப்பெயருக்குக் காலம் என்பதே இல்லை. பாட்டனுக்கும் அதே பெயர். பேரனுக்கும் அதே பெயர். ஏர் பிடித்து உழுதவர் நம் முன்னோர். நாற்று நட்டவர் நம் தாய்மார். கதிர் அறுத்துக் களம் சேர்த்தவரும் அவர்களே. ஆயினும், அவ்வினைகள் எவையும் அவர்கள் கணக்கில் எழுதப்படவில்லை. வினை நம்முடையது, விளைவும் வரலாறும் பிறருடையன. இந்நிலையை மாற்றுவதற்கு நம்மவர் தாமே ஏடெடுத்து எழுதத் தொடங்கியதைத்தான் நேற்றைய பாடத்தின் முதல் பக்கமாக நாம் கொள்ள வேண்டும்.

நேற்று

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் என்பார், நம் மக்களின் நிலையை நேரில் ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் உழுது பிழைக்கும் நிலமும் சொந்தமாக இல்லாமையே இவர்களின் அடிமைநிலைக்குக் காரணம் என அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் பயனாக, 1892-ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்நிலங்களையே பஞ்சமி நிலங்கள் என்கிறோம். அவற்றைப் பிற வகுப்பினர்க்கு விற்கக் கூடாது என்னும் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டிருந்தது.

அவ்வாறிருந்தும் அந்நிலங்களுள் பெரும்பகுதி பின்னாளில் நம் கையை விட்டுப் போயிற்று. கடன் பத்திரம் என்று சொல்லி விலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய கதையை நம் சேரியின் முதியோர் எத்தனை முறை கூறியிருக்கின்றனர்! ஏமாற்றியவர் செய்தது குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் நாம் கற்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. அப்பத்திரத்தை வாசித்துக் காட்ட வீட்டில் ஒரே ஒரு பிள்ளை இருந்திருந்தால், அந்தக் கைநாட்டு விழுந்திராது. எழுத்தறிவு இல்லாத இடத்தில் அரசாணையும் வெறுந்தாளாகிவிடுகிறது.

இதனை நம் முன்னோடிகள் நன்குணர்ந்திருந்தனர். ஆகவேதான் அவர்கள் முதலில் இதழ் நடத்தினர், பள்ளி திறந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன சொல்லை, தலைநிமிர்ந்து எழுதும் இதழுக்குத் தலைப்பாக்கிய துணிவை எண்ணிப் பாருங்கள். சித்த மருத்துவராகவும் தமிழறிஞராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1898-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907-ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914-ஆம் ஆண்டில் மறையும் வரை நடத்தினார். இதழின் விலை ஒரு பைசா. கூலிக்காரன் வாங்கக் கூடிய விலையில் அறிவை விற்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

அதே ஆல்காட் 1894-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். கோயில் வாயிலில் நின்று காத்திருந்த நந்தனார் கதையை ஊரெங்கும் பாடிக் கொண்டிருந்த காலம் அது. அந்த நந்தனாரின் பெயரையே பள்ளியின் வாயிலில் எழுதி, ‘உள்ளே வாருங்கள்’ என்று குழந்தைகளை அழைத்தார் சுவாமிகள்.

ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. இராசா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்த தீர்மானத்தின் வழியாக, 1922-ஆம் ஆண்டில் இழிபெயர்கள் அரசு ஏடுகளினின்றும் நீங்கி ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் இடம்பெற்றது. 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் முயற்சியால் பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்பது அச்சட்டமன்றத்திலேயே தீர்மானமாயிற்று. இவை பிறர் நமக்குக் கொடுத்த கொடைகள் அல்ல. நம்மவர் செய்த வினைகளின் பயன்கள்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் இளமையை நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் பிற மாணவரோடு அமர இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டு போன சாக்குத் துணியில் தனியே அமர்ந்து படித்தார். குழாயைத் தாமே தொட்டுத் தண்ணீர் குடிக்க அவர்க்கு உரிமை இல்லை. பள்ளிப் பணியாள் திறந்து விட்டால் தண்ணீர் உண்டு. பணியாள் வரவில்லையேல் அன்று முழுவதும் தாகந்தான். அப்பிள்ளை 1907-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேசன் தேறினார். 1912-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரில் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று பொதுக் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அந்நாளில் பள்ளிச் சிறுவனின் தாகம் ஒரு சமுதாயத்தின் உரிமைக் குரலாயிற்று.

நம் பெண்மக்கள் மறக்கக் கூடாத பெயர் ஒன்றும் உண்டு. கொச்சி நாட்டில் 1912-ஆம் ஆண்டில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் அவர்கள், நம் நாட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுள் முதல் பட்டதாரி. வேதியியல் படித்தார். ஆய்வுச் சோதனைகளை அருகில் நின்று பார்க்க அவரை விடவில்லை. எட்ட நின்று பார்த்தே கற்றார். பின்னர்ச் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். நம் அரசியல் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற ஒரே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி அவரே. எட்ட நிறுத்தப்பட்ட பெண், நாட்டின் சட்டம் எழுதப்பட்ட அவையில் அமர்ந்தார்.

இளைஞர்களே! இவற்றையெல்லாம் பேசும்போது உங்களுள் சிலர் முகம் வாடுவதை நாம் காண்கிறோம். நம் மாலை நேரப் படிப்பகத்தில் ஒரு மாணவர் எழுந்து, ‘ஐயா, சாக்குத் துணி, தண்ணீர்க் குழாய் என்று பழையதையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்? கல்லூரியில் உடன் படிப்பவர் நடுவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதே’ என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான விடையும் வேண்டும்.

கூச்சப்பட வேண்டியவர் தண்ணீரை மறுத்தவர். தாகத்தோடு படித்தவர் அல்லர். அவமானம் செய்தவர்க்குரியது, தாங்கி வென்றவர்க்குரியது பெருமை. இந்த வேறுபாட்டைத் தெளிந்து கொண்டால் நேற்றைய வரலாறு உங்கள் தோளை அழுத்தும் சுமையாக இராது. நீங்கள் ஏறி நிற்கும் படியாக இருக்கும். எனினும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படியில் ஏறி நிற்பவன் அப்படியிலேயே உட்கார்ந்து விடுதல் கூடாது. பட்ட துன்பங்களை மேடைதோறும் எண்ணிக் காட்டி, அத்துடன் கடமை முடிந்தது என்று வீடு திரும்புவோமாயின், அது முன்னோர்க்குச் செய்யும் மரியாதையன்று. படம் திறந்து மாலை சூட்டுவது அரைமணி நேர வேலை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதோ வாழ்நாள் வேலை.

இன்று

இனி, இன்றைய வாழ்வைக் காண்போம். 1961-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நாடு முழுவதிலும் தாழ்த்தப்பட்ட மக்களில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 10.27 பேர். 2011-ஆம் ஆண்டில் அது 66.07 ஆயிற்று. பெண்களை மட்டும் எடுத்துக் கொண்டால் 1961-இல் 3.29, 2011-இல் 56.46. கணக்கெடுக்கும் முறையில் சில வேறுபாடுகள் உண்டாயினும், ஏறி வந்த தொலைவு சிறிதன்று. நம் தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் எழுத்தறிவு 2001-இல் 63.19 விழுக்காடாக இருந்து 2011-இல் 73.26 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால், அதே 2011-இல் மாநிலத்தின் பொது எழுத்தறிவு 80 விழுக்காடு. இடையே நிற்கும் அந்த 7 விழுக்காட்டை வெறும் எண் என்று கொள்ளாதீர்கள். அவர்கள் நம் தெருவின் மனிதர். வங்கியில் படிவத்தை நீட்டி, ‘தம்பி, எழுதிக் கொடப்பா’ என்று கேட்கும் நம் பெரியம்மாக்களும் சித்தப்பாக்களுமே அவர்கள்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 46-ஆம் பிரிவு நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணுமாறு அரசைப் பணித்தது. மெட்ரிகுலேசனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கல்வி உரிமைச் சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர்க்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடும், அதனுள் 2009-ஆம் ஆண்டில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் ஏற்பட்டன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இலும், ஆண்பிள்ளைகளுக்கான திட்டம் 2024-இலும் தொடங்கப்பெற்றன.

ஆனால், பள்ளிக்கூடத்து மேசையின் முன் வந்து நிற்கும் வாழ்வு வேறாக இருக்கிறது. தைத்திங்கள் பிறந்தால் செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு போகின்றனர். பிள்ளையின் இருக்கை ஆனித் திங்கள் வரை காலியாகக் கிடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பையன் பின்னலாடை ஆலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்படுகிறோம். வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டால், ‘தங்கச்சிக்குக் கல்யாணம் வருது, ஒரு வருசம் போய்ட்டு வரட்டும் சார்’ என்கிறார் தந்தை. அந்த ஒரு வருடம் முடிவதே இல்லை. கல்லூரியில் சேர்ந்தவர்களுள்ளும் சிலர் முதலாண்டிலேயே நின்று விடுகின்றனர். காரணம் கேட்டால், ஆங்கிலத்தில் நடத்துவது விளங்கவில்லை என்கின்றனர். சாதிச் சான்றிதழ் காலத்தில் வாங்காமையாலும், வங்கிக் கணக்கை ஆதார் எண்ணோடு இணைக்காமையாலும் உதவித்தொகை வந்து சேராத மாணவர் பலர். சட்டம் பிள்ளையின் வாசல் வரை வந்து நிற்கிறது. கதவைத் திறந்து விட ஓர் ஆள் இல்லை. அந்த ஆளாக இருப்பதற்காகவே நம் சங்கம் தோன்றியது.

வெளியே உள்ள தீமைகளும் இன்னும் ஒழியவில்லை. ஒரு பள்ளியில் நம் பிள்ளைகளை மட்டும் அழைத்துக் கழிப்பறையைத் தூய்மை செய்யச் சொன்னார்கள் என்று அழுதுகொண்டு வந்த பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டும் கொடுமையும் உண்டு. பள்ளிகளில் சாதி உணர்வைக் களைய வழிகாணுமாறு அமைக்கப்பெற்ற ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் இக்கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பிறர் கட்டும் கயிற்றைக் கண்டிக்கும் நாம், நம் பிள்ளை கையில் ஒரு கயிறு இருந்தால் அதனையும் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். நமக்குள்ளேயே உட்பிரிவு பார்த்து மேல் கீழ் பேசுவோமாயின், சமத்துவம் கேட்கும் தகுதியை நாமே இழந்து விடுகிறோம்.

கசப்பாயினும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். திருமணத்திற்கும் காதுகுத்துக்கும் திருவிழாவிற்கும் தெருவை அடைத்துப் பதாகை வைக்கிறோம். அதே தெருவில் ஒரு மாணவி தேர்வுக் கட்டணத்துக்குக் கடன் தேடி அலைகிறாள். ஒரு பதாகையின் செலவில் ஒரு மாணவியின் தேர்வுக் கட்டணம் அடங்கிவிடும். வறுமை பெரிது என்பது உண்மை. ஆனால், வறுமையையும் மீறி எதற்குச் செலவழிக்கிறோம் என்பதே நம் இன்றைய வாழ்வின் பொருளைக் காட்டும் கண்ணாடி.

நாளை

நாளைய நம்பிக்கைக்கு வருவோம். ‘நம்பிக்கை’ என்பது தொழிற்பெயர். இலக்கணப்படி தொழிற்பெயரும் காலம் காட்டாது. ஆகவே, நம்பிக்கை என்ற சொல்லை மட்டும் சொல்லிக் கொண்டிருந்தால் நாளை வந்துவிடாது. மாறாக, வினையாலணையும் பெயர் என்று ஒன்று இருக்கிறது. ‘படித்தவர், படிக்கின்றவர், படிப்பவர்’ என்பவை அவ்வகையைச் சேர்ந்தவை. அது பெயராகவும் இருக்கும், காலமும் காட்டும். ஏனெனில், அது ஒருவர் தாம் செய்த வினையால் பெற்ற பெயர். பிறர் சூட்டிய பெயரைச் சுமந்த சமுதாயம், தான் செய்யும் வினையால் பெயர் பெறும் சமுதாயமாக மாறுவதே நம் நம்பிக்கையின் பொருள் என்று நாம் கருதுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக சபையில் உறுப்பினராக இருந்தார். நாட்டின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்று அது. அப்பதவியில் இருந்தபோதே, 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1946-ஆம் ஆண்டில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கிற்று. பதவி ஒரு நாள் போகும், கல்விக்கூடம் நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1956-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கல்லூரி இன்றும் இருக்கிறது. தாம் காணப் போகாத மாணவர்க்காக வகுப்பறை கட்டுவதே நம்பிக்கை. பனங்கொட்டை புதைப்பவர் தம் பசிக்காகப் புதைப்பதில்லை என்பதை நம் ஊர்ப் பெரியவர் ஒவ்வொருவரும் அறிவர்.

ஆகவே, இவ்வெள்ளி விழாவில் மூன்று காலங்களுக்கும் ஒவ்வொரு வினையாக, மூன்று பணிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நேற்றுக்கான பணி. இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்துக் கொண்டு, தம் வீட்டு முதியவர் அருகில் அமருங்கள். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றவர் யார், எதனை விற்று அவரைப் படிக்க வைத்தனர், எந்த வகுப்போடு நின்றார், ஏன் நின்றார் என்று கேட்டு எழுதுங்கள். நிலம் இருந்து போயிற்று என்றால் அதன் விவரத்தையும் எழுதுங்கள். நம் வரலாற்றை எழுத வேறொருவர் வரமாட்டார். இன்று எழுபதும் எண்பதும் ஆனவர்கள் நம்மோடு நெடுநாள் இருக்கப் போவதில்லை. அவர்கள் நினைவோடு போகும் வரலாற்றை எந்த நூலகத்திலும் பின்னர்த் தேட இயலாது.

இரண்டாவது, இன்றைக்கான பணி. பட்டம் பெற்ற ஒவ்வொருவரும், வேலையில் இருப்பினும் இல்லாவிடினும், இரண்டு மாணவர்க்குப் பொறுப்பேற்க வேண்டும். பணம் கொடுப்பது மட்டும் பொறுப்பன்று. வாரம் இரண்டு மாலை அவர்களோடு அமர்ந்து ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுங்கள். சான்றிதழ், வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றை உரிய நாளில் முடித்துக் கொடுங்கள். சூளைக்குப் போகும் பெற்றோரிடம் பேசி, பிள்ளையை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ விட்டுச் செல்லச் செய்யுங்கள். கல்லூரியின் முதலாண்டில் ஒரு மாணவர் தடுமாறும்போது, ‘எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, ஆறு மாதத்தில் சரியாகி விடும்’ என்று சொல்ல ஓர் அண்ணனோ அக்காளோ இருந்தால், அவர் நிற்க மாட்டார்.

மூன்றாவது, நாளைக்கான பணி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எந்தப் பெண்ணின் படிப்பும் பணமின்மையாலோ திருமணப் பேச்சாலோ நம் தெருவில் நிற்கக் கூடாது. இதனை ஒரு தீர்மானமாக இந்த அவை நிறைவேற்ற வேண்டுகிறோம். அதற்கெனச் சங்கத்தில் ஒரு தனி நிதி தொடங்குவோம். வீட்டில் நடக்கும் ஒவ்வொரு விழாவின் செலவிலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் அந்நிதிக்கு வரட்டும். தாய் படித்த வீட்டில் பிள்ளை படிக்காமல் இருப்பதை எம் ஆசிரியப் பணியில் மிக அரிதாகவே கண்டிருக்கிறோம்.

இப்பணிகளுள் எதுவும் நம் வலிமைக்கு மீறியதன்று. பெரும் பணம் வேண்டா. பெரும் பதவி வேண்டா. மாலையில் இரண்டு மணி நேரமும் மாறாத மனமும் வேண்டும். வாழ்வுக்குப் பொருள் என்ன என்று சிலர் தனியே அமர்ந்து சிந்திக்கின்றனர். நம்மைப் போன்றோர்க்கு அதன் விடை தொலைவில் இல்லை. முன்னே சென்றவரிடம் பெற்றதைப் பின்னே வருபவரிடம் சேர்ப்பதற்கு இடையில் நாம் நிற்கிறோம். அந்த இடத்தில் கை சோராமல் நிற்பதே நம் வாழ்வின் பொருள்.

நம் சங்கத்தின் பொன் விழா இதே இடத்தில் நடைபெறும். அன்று மேடையில் அமரப் போகிறவர்கள் இன்று முன் வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியர். அவர்கள் நம்மைப் பற்றி, ‘பேசினார்கள்’ என்று சொல்லப் போகிறார்களா, ‘செய்தார்கள்’ என்று சொல்லப் போகிறார்களா என்பது நாளை மாலை படிப்பகத்தின் கதவு திறக்கும்போது தெரிந்து விடும். அங்கே உங்கள் அனைவரையும் எதிர்பார்க்கிறோம்.